பொத்தானை அமுக்கவா பிள்ளையைப் பெற்றோம்?



அண்மையில் எங்கள் செலண்டார் வட்டாரத்துப் பள்ளியொன்றில் ஆளில்லா வானூர்திப் பயிலரங்கு ஒன்று நடந்தது. அழைத்திருந்தார்கள், நானும் போயிருந்தேன். நடத்தியவர்கள் ஒரு தனியார் நிறுவனத்தார். பெயர் வேண்டா. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினார்கள். காலையில் தொடங்கியது, நண்பகலுக்குள் நற்சான்றிதழ், குழுப்படம், பொட்டலச் சோறு எல்லாம் முடிந்தன. இடைப்பட்ட நேரத்தில் நம் பிள்ளைகள் செய்ததெல்லாம் என்ன? கைப்பேசித் திரையில் மேல் அம்புக்குறியைத் தொட்டார்கள், வானூர்தி மேலே போயிற்று. கீழ் அம்புக்குறியைத் தொட்டார்கள், கீழே வந்தது. கைத்தட்டினோம்.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் கையைத் தூக்கினான். "ஐயா, நான் திரையிலிருந்து கையை எடுத்த பிறகும் அது சாயாமல் அந்தரத்தில் நிற்கிறதே, சாய்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்டான். பயிற்றுநர் சிரித்துக்கொண்டே, "அதையெல்லாம் உள்ளேயே வைத்து அனுப்பிவிட்டார்கள் தம்பி. நாம் அதைத் தொட முடியாது" என்றார்.

அந்த விடைதான் என்னை இதை எழுத வைத்தது. தொட முடியும் என்கிறேன். தொட முடியாது என்று சொல்லிக் கொடுப்பதற்குக் கட்டணம் வேறு வாங்கினார்களே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் அந்தப் பையனுக்குரிய விடையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு விசிறிகள் கொண்ட அந்த ஊர்தியின் வயிற்றில் தீப்பெட்டி அளவில் ஒரு பலகை இருக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை அளக்கும் உணரிகள் அதில் இருக்கின்றன. அவற்றைப் படித்து, எந்த விசிறியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று முடிவு செய்யும் நிரல் ஒன்றும் இருக்கிறது. ஆர்டுபைலட் என்னும் நிரலில் இந்த வேலை வினாடிக்கு 400 முறை நடக்கிறது. சில்லுக்குள் நிலையாக எழுதி வைக்கப்படுவதால் இத்தகைய நிரலை நிலைபொருள் என்கிறோம். வானூர்தி என்பது உண்மையில் இந்த நிலைபொருள்தான். மற்றவை ஞெகிழியும் கம்பியும்.

இந்த நிலைபொருள் மறைபொருள் ஒன்றும் இல்லை. பிரான்சு நாட்டில் தூலூசு நகரத்து வான்போக்குவரத்துக் கல்லூரியில் 2003-ஆம் ஆண்டே ‘பாப்பராட்சி’ என்ற பெயரில் திறந்த மூலத் தானியங்கிப் பறப்புத் திட்டம் தொடங்கிவிட்டது. ஆர்டுபைலட் 2009-இல் வந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மாணவர்களிடமிருந்து ‘பிஎக்ஸ்4’ வந்தது. பந்தய வானூர்திக்காரர்கள் பயன்படுத்தும் ‘பீட்டாஃப்ளைட்’ இருக்கிறது. இவை அனைத்தின் மூல நிரலும் எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் தம் வீட்டுக் கணினியிலேயே தொகுத்து ஊர்தியில் ஏற்றலாம் என்னும் உரிமத்தோடு கிடைக்கின்றன. ஒரு காசு செலவில்லை. செலண்டாரில் ஒரு வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் கான்பராவில் இருக்கும் பொறியாளருக்கும் கிடைப்பது ஒரே கோப்பு!

அப்படியிருக்க, நாம் ஏன் பூட்டிய பெட்டியை விலை கொடுத்து வாங்கி, அதற்குத் தொழில்நுட்பக் கல்வி என்று பெயர் சூட்டுகிறோம்?

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். அவருடைய கத்தியை வேறு யாரும் தொடக் கூடாது. மாலையில் குளித்து முடித்ததும் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு அவரே தீட்டுவார். தம் கைக்கு ஏற்றவாறு வளைவைத் தேய்த்து வைத்திருப்பார். பட்டை ஆழமாக வெட்டுப்பட்டால் மரம் கெடும், மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. அந்த நுட்பம் கத்தியின் விளிம்பில் இருந்தது, விளிம்பு அவர் கையில் இருந்தது. தோட்டமும் மரமும் துரையுடையவை. கத்தி மட்டும் அவருடையது. இன்று அந்த ரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. செம்பனை மரங்களை எண்ணவும், ஓலை தின்னும் புழுவுக்கு மருந்து தெளிக்கவும் இந்நாட்டுத் தோட்டங்களில் ஆளில்லா வானூர்திகள் வந்துவிட்டன. அதை இயக்கும் வேலை நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தால் மகிழ்வேன். ஆனால் நான்கு தலைமுறைக்குப் பின் அவர்கள் கையில் இருக்கப்போவது, தீட்டக்கூட அனுமதியில்லாத கத்தியா?

இந்தப் பழக்கம் நமக்கு இன்று வந்ததன்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள், பாடக் குறுவட்டு கொடுத்தார்கள். நாங்கள் ‘அடுத்து’ என்ற பொத்தானை அமுக்கிக்கொண்டே பாடம் நடத்தினோம். அடுத்த ஆண்டே, 2004-இல், அரசாங்கத்தின் மாம்பு நிறுவனம் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. அரசு அலுவலகங்களுக்கு அது போயிருக்கலாம்; நான் பணியாற்றிய பள்ளிகளின் வாசலை அது தட்டியதாக எனக்கு நினைவில்லை. பிறகு குரோம்புக் காலம் வந்தது. அதுவும் 2019-இல் முடிந்தது. ஒவ்வொரு முறையும் பெட்டி வந்தது, பெட்டி போயிற்று. பெட்டிக்குள் இருப்பதைத் திறந்து பார்த்த மாணவன் எத்தனை பேர்?

நிற்க. ஊருக்கு உபதேசம் செய்யும் முன் நானே செய்து பார்க்க வேண்டாவா? செய்தேன். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் "இதெல்லாம் நமக்கு ஆகுமா ஐயா?" என்பதுதான் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி.

எடுத்துக்கொண்டது என் மகள் பல்கலைக்கழகம் போகுமுன் பயன்படுத்திவிட்டு மூலையில் வைத்த பழைய மடிக்கணினி. நினைவகம் 4 கிகாபைட். மின்கலம் செத்துவிட்டது, சுவரில் செருகினால்தான் உயிர் வரும். துணைக்கு என் பழைய மாணவன் ஒருவன், இப்பொழுது இரண்டாம் படிவம் படிக்கிறான். உபுண்டு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவுவது முதல் வேலை. விண்டோசை அழிக்க மனமில்லாதவர்கள் அதற்குள்ளேயே லினக்சை இயக்கும் துணையமைப்பை நிறுவிக்கொள்ளலாம், அதிலும் இந்த வேலை நடக்கும். நான் துணிந்து அழித்தேன். அழிக்கும் முன் வன்தட்டில் இருக்கும் குடும்பப் படங்களைப் படியெடுத்து வையுங்கள். நான் வைக்கவில்லை. மீதியை என் துணைவியார் சொல்வார்.

அடுத்து மூல நிரல். இங்கே முதல் சறுக்கல். நிரலை ஒரே சுருக்கக் கோப்பாகத் தரவிறக்கினேன். தொகுக்கச் சொன்னால் பிழைமேல் பிழை. காரணம், ஆர்டுபைலட் தனி நூல் அன்று. பிறர் எழுதிய துணை நூல்கள் பலவற்றை உள்ளே கட்டி வைத்திருக்கும் நூலகம். சுருக்கக் கோப்பில் அந்தத் துணை நூல்கள் வருவதில்லை. ‘கிட்’ என்னும் கருவியைக் கொண்டு, துணைத் தொகுதிகளையும் சேர்த்துப் படியெடுக்க வேண்டும். கோப்பு பெரியது, எங்கள் பக்கத்து இணைய வேகத்தில் அன்றைய இரவு முழுதும் அதற்கே போயிற்று.

வேண்டிய கருவிகளையெல்லாம் தானே நிறுவிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டுக் கோப்பும் உடன் வருகிறது. அதைத் தலைமைப் பயனர் அதிகாரத்தோடு இயக்கினால் ‘அப்படி இயக்காதே’ என்று நம்மைக் கண்டித்துவிட்டு நின்றுவிடும். நான் இயக்கினேன், கண்டிக்கப்பட்டேன். பையனுக்கு ஒரே சிரிப்பு. நிறுவி முடித்ததும் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இல்லாவிட்டால் கணினிக்குப் புதிய கருவிகளின் இருப்பிடம் தெரியாது. இதற்கு ஒரு மாலை போயிற்று.

தொகுப்பி என்பதைப் பற்றி ஒரு சொல். மனிதன் படிக்கத் தக்க நிரலைச் சில்லு படிக்கத் தக்க எண்களாக மாற்றுவது தொகுப்பி. வீட்டுக் கணினியின் மூளை ஓரினம், வானூர்திப் பலகையின் மூளை வேறினம். ஆகவே இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே ஓடத் தக்க எண்களை ஆக்கும் தனித் தொகுப்பி வேண்டும். நம் வீட்டு அடுப்பில் அடுத்த வீட்டுப் பத்தியச் சமையலைச் செய்வது போல என்று பையனுக்கு விளக்கினேன். அவனுக்குப் பிடித்திருந்தது.

பிறகு எந்தப் பலகைக்கு என்று சொல்லி, ‘காப்டர்’ என்று கட்டளையிட்டோம். திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. பாதியில் கணினி உறைந்தது. ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் தொகுக்க முயன்று நினைவகம் நிறைந்துவிட்டது. இரண்டிரண்டாகச் செய் என்று கட்டளையில் ஓர் எண்ணைச் சேர்த்தோம். அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. இறுதியில் பச்சை எழுத்தில் ‘முடிந்தது’ என்று வந்தபோது அந்தப் பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். பயிலரங்கில் எந்தப் பிள்ளையும் அப்படி எழுந்ததை நான் பார்க்கவில்லை.

வானூர்தி எங்கே என்று கேட்பீர்கள். எங்களிடம் வானூர்தியே இல்லை! அதே மூல நிரலைக் கணினிக்குள்ளேயே பறக்கவிடும் சிமுலேட்டர் ஆர்டுபைலட்டில் அடங்கியிருக்கிறது. இயக்கினோம், வரைபடத்தில் ஒரு புல்வெளியில் ஊர்தி நின்றது. "இது எந்த ஊர் ஐயா?" என்றான். ஆத்திரேலியத் தலைநகர் கான்பராவின் மாதிரி வானூர்தித் திடல். அந்நிரலை எழுதியவர்களில் முதன்மையானவர் அந்த ஊர்க்காரர். "நம் ஊருக்கு மாற்றலாமா?" மாற்றலாம், இடப்பட்டியல் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். வடக்கு 2.4 பாகை, கிழக்கு 102.4 பாகை அளவில் செலண்டாரின் இருப்பிடத்தை அவனே தேடி எழுதினான். ஊர்தி எங்கள் ஊர்க் கடைவீதிக்கு மேல் எழும்பிற்று.

அடுத்த வாரம் அவன் மூல நிரலுக்குள் போனான். விசிறிகள் முடுக்கப்படும்போது சிமுலேட்டரில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து ‘வணக்கம்’ என்று மாற்றித் தொகுத்தான். இங்கேதான் ஒரு தமிழாசிரியனுக்கு உரிய இன்பம் எனக்குக் கிட்டியது. அச்செய்திப் பொட்டலம் ஒன்றில் 50 பைட்டு மட்டுமே அடங்கும். "வணக்கத்தில் ஐந்து எழுத்துதானே ஐயா, வ, ண, க், க, ம்" என்றான். இலக்கணப்படி ஐந்துதான். ஆனால் ஒருங்குறியில் புள்ளிக்குத் தனி இடம். ஆக ஏழு குறிகள். குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு, ஆக 21. மெய்யெழுத்தை அகரமேறிய உயிர்மெய்யும் புள்ளியுமாகக் கணினி பார்க்கிறது என்பதை அவன் கண்டுகொண்ட அந்த மாலையில், மூன்றாண்டு நான் கரும்பலகையில் நடத்திய மெய்யெழுத்துப் பாடம் இன்னொரு முறை பிறந்தது. ஓர் ஆளில்லா வானூர்தி நிரலுக்குள் தொல்காப்பியர் புள்ளி வைத்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது என்றால், பொத்தானை அமுக்கும் பயிலரங்கில் அது கிடைக்குமா?

இதைச் சொன்னால் எதிர்ப்புகள் வருகின்றன. ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் சொன்னார்: "ஆயத்தமாகத் தொகுத்த கோப்பே கிடைக்கிறதே. நீங்கள் ஏன் அரை மணி நேரம் கணினியைச் சூடேற்றுகிறீர்கள்?" உண்மைதான். அதற்கு மேலும் சொல்கிறேன்: 2023-இல் வந்த பீட்டாஃப்ளைட் 4.4 முதல், வேண்டிய கூறுகளைத் தெரிவு செய்தால் தொலைவிலுள்ள அவர்களின் கணினியே தொகுத்து அனுப்பிவிடுகிறது. ஆர்டுபைலட்டாருக்கும் அப்படியொரு வசதி உண்டு. பறப்பது மட்டுமே நோக்கமானால் அதுவே போதும், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தரும் பட்டியலில் ‘வணக்கம்’ இல்லையே! பட்டியலில் இல்லாத ஒன்றை விரும்பும் பிள்ளைக்கு வீட்டுக் கணினிதான் வழி. கடையில் தோசை கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் கல்லே வேண்டா என்று எந்தத் தாயும் சொல்வதில்லை.

"ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது?" என்பது இன்னொன்று. ஆம். நிரல் ஆங்கிலத்தில் இருக்கிறது, விளக்கம் தமிழில் இருக்கலாம். அது நம் பொறுப்பு. கணினித் திரையில் தமிழே வராத காலத்தில், 1980-களில், இதே மலேசிய மண்ணில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செய்தார். யாரோ செய்து தருவார்கள் என்று அவர் காத்திருந்திருந்தால், நீங்கள் இதைத் தமிழில் படித்துக்கொண்டிருக்கும் நாள் இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

ஒரு தாயார் கேட்டது வேறு. அதை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன். "ஐயா, இதுதானே போரில் குண்டு போடுகிறது?" 2025 ஜூன் 1-ஆம் நாள் உக்ரைன் நாட்டார் சிறு ஆளில்லா வானூர்திகளைக் கொண்டு உருசிய வான்படைத் தளங்களைத் தாக்கினார்கள். அவற்றில் ஆர்டுபைலட் பயன்பட்டது என்று உலகச் செய்தியேடுகள் எழுதின. எழுதியவர்கள் விரும்பாத கையிலும் திறந்த நிரல் போய்ச் சேரும்; இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. பூட்டிய பெட்டியும் அதே போர்க்களத்தில் பறக்கிறது என்பதும் உண்மை. அம்மையாரிடம் நான் சொன்னது இவ்வளவே: உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்த பிள்ளையோடு இதைப் பற்றிப் பேச முடியும். அம்புக்குறியைத் தொடும் பிள்ளையோடு என்ன பேசுவது? அவர் முழுமையாக ஒப்பினார் என்று சொல்ல மாட்டேன்.

தீங்கைப் பற்றிப் பேசும்போதே, உண்மையான பலகையில் நிரலை ஏற்றுவோர்க்கு ஒன்று: விசிறி இறகுகளைக் கழற்றி வைத்துவிட்டே செய்யுங்கள். பிள்ளையின் திருத்தம் பிழையாக இருக்கலாம், விரல் போய்விடும். திறந்த வெளியில் பறக்கவிடுவதற்கும் சட்டம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் வான்போக்குவரத்து ஒழுங்குமுறைகளின்படி அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேல் போகக் கூடாது, நிலையங்களையொட்டிய கட்டுப்பாட்டு வான்வெளியில் பறக்கக் கூடாது. மலாக்காவில் பத்து பெரண்டாம் வானூர்தி நிலையம் இருப்பதை மறவாதீர்கள். சிமுலேட்டருக்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

தமிழர்க்கு இது புதிய துறையும் அன்று. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர் செந்தில்குமாரின் வழிகாட்டலில் இயங்கிய ‘தக்‌ஷா’ மாணவர் குழு, 2018-இல் ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் நடந்த மருத்துவ வானூர்தி அறைகூவலில் இரண்டாம் இடம் பெற்றது. நம் வீடுகளில் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஓ, நடிகர் அஜித் ஆலோசகராக இருந்தாரே, அதுவா?" என்பார்கள். நடிகர் நினைவிருக்கிறார், பொறியாளர் நினைவில்லை. அதே அறைகூவல் தொடரின் 2014-ஆம் ஆண்டுப் போட்டியில் வென்ற கான்பரா குழுவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் இருந்தார். ஆர்டுபைலட்டின் முதன்மை ஆக்குநர்களில் ஒருவர். விண்டோசுக் கணினிகளோடு யூனிக்சு வகைக் கணினிகள் கோப்புப் பகிர வழி செய்த ‘சாம்பா’வை எழுதியவரும் அவரே. அக்குழு தம் நிரலை ஊரறிய வெளியிட்டது. அதைப் படித்த மாணவன் எந்த நாட்டிலும் இருக்கலாம். நம் நாட்டிலும் 2017 முதல் முதலாம் படிவத்தில் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இடையில் விடுபட்டிருப்பது வீடு.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு அலமாரியின் மேல் துணி போர்த்திக் கிடக்கும் பழைய கணினியைத்தான் கேட்கிறேன். அதைப் பிள்ளையிடம் கொடுங்கள்; கெடுத்துவிடுவான் என்று அஞ்சாதீர்கள், கெடட்டும். ஆசிரியர்களே, பயிலரங்கு நற்சான்றிதழைக் கோப்பில் சேர்ப்பதற்கு முன், பிள்ளை எந்த வரியை மாற்றினான் என்று கேளுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்பது விடையானால் அந்தத் தாளை எந்தக் கோப்பில் வைப்பது?

இப்பொழுது எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன் ஒரு முன்மொழிவு இருக்கிறது. அதே பூட்டிய வானூர்திகள் பன்னிரண்டு வாங்கி, ஆண்டுக்கு இருமுறை பயிலரங்கு நடத்த வேண்டுமாம். நான் எழுத்தில் ஒரு மாற்று கொடுத்திருக்கிறேன். இரண்டு திறந்த பறப்புப் பலகைகள் வாங்குவது, ஐந்து பழைய கணினிகளை நன்கொடையாகப் பெறுவது, சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் வகுப்பு. மீதிப் பணம் சங்கத்திலேயே இருக்கட்டும். நடத்துவதற்குக் கட்டணம் கேட்கவில்லை.

கூட்டம் வரும் வெள்ளி இரவு எட்டு மணிக்கு. அந்தப் பையன் மடிக்கணினியோடு வருகிறான். மின்கலம்தான் செத்துப் போயிற்றே, ஆகவே சுவரோரமாக ஓர் இருக்கை ஒதுக்கி வைக்கும்படி சொல்லியிருக்கிறான்.